கதவுக்குள் ஒரு திருகுதாளம்

எங்கள் காரின் டிரைவர் பக்கக் கதவுக்குள் எதுவோ கிடந்து ஆடியது. பள்ளத்தில் இறங்கினால் கடகட. திரும்பினால் கடகட. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அதை நானே எடுத்துவிடப் போவதாக வீட்டில் அறிவித்தேன்.

"மெக்கானிக் அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கார்," என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடியே.

"ஒரு கதவைத் திறக்க மெக்கானிக் எதுக்கு?"

"கதவு தினமும் திறந்துக்கிட்டுதான் இருக்கு. நீங்க அதைப் பிரிக்காம இருந்தா போதும். நாளைக்குக் காலையில நான் வேலைக்குப் போகணும்."

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஆளைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற உத்தியோகம். நான் அப்படியில்லை. எதையும் கழற்றிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் என்று எங்கள் வீட்டில் நான் உள்ளே பார்க்காத பொருள் கிடையாது. அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன.

"அரை மணி நேரம்," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன்.

கதவின் கைப்பிடிக் குழியில் ஒரு சின்ன மூடி. நெம்பினேன். உள்ளே ஸ்க்ரூவின் தலை தெரிந்தது. திருப்புளியை வைத்தேன். உட்காரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளஸ் இல்லை. மைனஸ் இல்லை. ஆறு முனை நட்சத்திரம். அதன் நடுவே ஒரு குட்டிக் கம்பி, யாரோ விரலை நீட்டி எச்சரிப்பதுபோல நின்றது.

செல்போனில் படம் பிடித்துக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் போன வருடம்தான் வேறொருவரிடமிருந்து வாங்கிய கடை அது. எனக்கும் அவருக்கும் பழக்கம் இல்லை.

"ஸ்டார் சார்," என்றார். "நடுவுல கம்பி இருக்கிறதால சாதா ஸ்டார் உட்காராது. முனையில ஓட்டை போட்ட ஸ்டார் வேணும்."

வாங்கி வந்து திருகினேன். சுற்றிச் சுற்றிக் கையோடு வந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை. சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"மரை கழண்டுடுச்சு."

"தெரிஞ்ச விஷயம்தானே," என்றாள் உள்ளேயிருந்து.

அடுத்த ஸ்க்ரூ கை வைக்கும் திண்டுக்குக் கீழே இருந்தது. படுத்துக்கொண்டு பார்த்தேன். மறுபடியும் ஓர் அதிர்ச்சி. முக்கோணம். பள்ளிக்கூடத்தில் என்னை இரண்டு முறை தோற்கடித்த அதே முக்கோணம், இத்தனை வருடம் கழித்துக் கதவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. திரும்பவும் கடை. திரும்பவும் படம். கடைக்காரர் முக்கோண முனை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். அதுவும் கழன்றது.

மூன்றாவது, கீழ் மூலையில். பார்க்க மைனஸ் மாதிரிதான் இருந்தது. அப்பாடா என்று திருப்புளியை வைத்து இடது பக்கம் திருகினேன். வழுக்கியது. அழுத்தித் திருகினேன். வழுக்கியது. ஒரு சந்தேகத்தில் வலது பக்கம் திருகினேன். முன்னைவிட இறுகிக்கொண்டது.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஒருவழி ஸ்க்ரூ சார் இது. மாட்டலாம், கழட்ட முடியாது."

"கழட்டணும்னா என்ன பண்ணுவாங்க?"

"கழட்டக் கூடாதுன்னுதான் சார் மாட்டுவாங்க."

"கதவு செஞ்ச கம்பெனிக்காரனுக்கு என்ன பைத்தியமா? ஒரே கதவுல மூணு தினுசு போட்டிருக்கான்."

"இது கம்பெனி போட்டது இல்ல சார். இந்த மூணு தினுசையும் நான் கடையை வாங்கினதுலேருந்து ஒருத்தர்தான் சேர்த்து வாங்கியிருக்காங்க. போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுல ஒரு வாண்டு இருக்கு, எதைக் கண்டாலும் கழட்டிப் போட்டுடுது, அதால திறக்க முடியாத ஸ்க்ரூவா கொடுங்கன்னாங்க. எத்தனை வயசும்மான்னு கேட்டேன். ஐம்பத்திரண்டுன்னாங்க. ஏதோ தமாஷ் பண்றாங்கன்னு விட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலைமுடியைப் பார்த்தார்.

"சாருக்கு என்ன வயசு?"

"ஐம்பத்துமூணு."

"சரியா இருக்கு," என்றார் கடைக்காரர். "போன வருஷம்தானே வந்தாங்க."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. காதுக்குள் ஙொய் என்றது. இருபத்தாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள், எனக்குத் தெரியாமல் ஸ்க்ரூ வாங்கியிருக்கிறாள். வழி நெடுக ஏழெட்டுக் கேள்விகளைத் தயார் செய்துகொண்டேன்.

"வண்டியில ஸ்க்ரூவெல்லாம் மாத்தினது யாரு?"

"மெக்கானிக்."

"மாத்தச் சொன்னது?"

"நான்."

மறுப்பாள் என்று நம்பித்தான் மற்ற கேள்விகளை அடுக்கியிருந்தேன். அத்தனையும் வீண்.

"எத்தனை ஸ்க்ரூ?"

"உங்க கைக்கு எட்டறது எல்லாம்."

"கட்டின புருஷன்கிட்டயே இவ்வளவு திருகுதாளமா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"டிரைவர் சீட்டுக்கு எண்ணெய் விடறேன்னு கழட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வெண்ணெய் மாதிரி நகர்ந்துச்சே."

"மாட்டினப்புறம் ரெண்டு போல்ட் மிச்சம் இருந்துச்சு."

"அது கம்பெனிக்காரன் அதிகமா போட்டிருந்தது."

"மறுநாள் ஆஸ்பத்திரி மேட்டுல ஏறும்போது சீட்டு என்னையும் தூக்கிக்கிட்டுப் பின்னால போயிடுச்சு. ஸ்டீயரிங் கைய விட்டுப் போச்சு. காலு பிரேக்குக்கு எட்டல. வண்டி பின்னால உருளுது. பின்னால ஸ்கூல் வேன். கைப்பிரேக்கைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தா வேனுக்கும் நம்ம வண்டிக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. வெங்காய விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு போல்ட்டையும் லாபம் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தவன் நான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சீட்டை மறுபடியும் கழட்டிப் பார்ப்பீங்க."

நிச்சயமாகப் பார்த்திருப்பேன்.

புதிதாக வாங்கிய நட்சத்திரத்தையும் முக்கோணத்தையும் அவள் கையில் ஒப்படைத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கருவியை எடுத்தாள். ஒருவழி ஸ்க்ரூவை அதனால் கவ்வி, நிதானமாக எதிர்வழியில் வெளியே கொண்டுவந்தாள். பத்தே நிமிடத்தில் கதவின் உள்பலகை கழன்றது. உள்ளே கையை விட்டுத் துழாவி, கடகட என்று ஆடிய பொருளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

என்னுடைய பத்தாம் நம்பர் ஸ்பானர். கண்ணாடி இறங்கும் சந்து வழியாக எப்போதோ உள்ளே நழுவியிருக்கிறது. இதை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்றுதான் பக்கத்து வீட்டுக்காரரோடு நான் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறேன்.

"சாயங்காலம் போய் அவர்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க," என்றாள், பலகையை மாட்டியபடி.

"சரி. இனிமே இந்த வண்டியைத் தொட மாட்டேன். வீட்டுல வேற எதையும் தொட மாட்டேன்."

"தொடுங்க, பரவாயில்ல," என்றாள் மிகவும் சாந்தமாக. "ஒண்ணும் ஆகாது."

அந்தச் சாந்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வியர்வையைத் துடைக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றியவன், காதுக்கம்பி மடங்கும் இடத்திலிருந்த குட்டி ஸ்க்ரூவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

ஆறு முனை.