எண்பதைத் தாண்டாத கார்

அன்புமிக்க மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் மாமியார் நலம், அவள் முழங்கால் முக்கால்வாசி நலம். நீங்கள் அனுப்பி வைத்த மின்சாரக் கார் எண்பது சதவீதம் நலம். அந்த மீதி இருபதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் மாமியார் பக்கத்தில் வந்து நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்துகிறாள்.

விஷயம் இதுதான். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். கார் முழுசாக நிரம்பினால் நூற்றுப் பத்து ஓடும். எண்பது சதவீதம் என்றால் எண்பத்தெட்டு. ஏழு குறைகிறது. வழியில் சார்ஜ் போட இடமில்லை என்று நீங்களே விசாரித்துச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மகளிடம் சொல்லியாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் மாமியாரால் பஸ் படி ஏற முடியவில்லை என்பதற்காகத்தான் இந்தக் காரையே கொடுத்தீர்கள். பேத்தி தவழ ஆரம்பித்ததை அவள் போனில்தான் பார்த்தாள். குழந்தை தவழ்ந்து தவழ்ந்து திரையின் ஓரத்தில் மறைந்ததும், எங்கே போனாள் என்று போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் சமையலறை ஜன்னல் வழியாக வயரை விட்டுச் சார்ஜ் போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் எண்பது. மறுநாளும் எண்பது. கணக்கு வாத்தியாராக முப்பத்திரண்டு வருடம் ஒரே தொட்டியை நிரப்பியவன் நான். ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், தொட்டி எப்போது நிரம்பும்? எவ்வளவு தாமதமானாலும் அது ஒரு வகுப்பிலும் நிரம்பாமல் இருந்ததில்லை. ஆகவே, நம் வீட்டில் எங்கோ இரண்டாவது குழாய் திறந்திருக்கிறது என்று முடிவு செய்து, சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினேன். காலை முழுவதும் காருக்கு, மதியம் ஒரு மணி நேரம் மிக்ஸிக்கு, அயர்ன் பாக்ஸுக்கு வியாழக்கிழமை மட்டும்.

"வாஷிங் மெஷினை எங்கே காணோம்?" என்றாள் உங்கள் மாமியார், அட்டவணையைப் பார்த்து.

"கார் எண்பத்தொண்ணு ஆகட்டும், போட்டுக்கலாம்."

"அப்போ இந்த ஜென்மத்துல துணி துவைக்க வேண்டாம்னு எழுதி ஒட்டிடுங்க."

அதோடு விட்டேனா? நான் காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக "இப்போ போடு! நிறுத்து! திரும்பப் போடு!" என்று கத்த, அவள் உள்ளே வெறும் மிக்ஸியை ஓட விட்டு நிறுத்த, மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து மிக்ஸி ரிப்பேரா என்று கேட்க, கார் எண்பது. ஃப்ரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன். பால் திரிந்தது, கார் எண்பது. கடைசியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். என்னிடம் படித்தவன். அவன் குளியலறையில் ஹீட்டருக்குப் போட்டிருக்கும் பெரிய ப்ளக்கில் செருகிப் பார்க்கலாம் என்றான். செருகினோம். வயர் கதவிடுக்கு வழியாக வந்ததால் குளியலறைக் கதவு மூடவில்லை. "நான் குளிக்கணும், உங்க காரைக் கொஞ்சம் வெளியே வரச் சொல்றீங்களா?" என்று துண்டும் கையுமாக நிற்கிறாள் உங்கள் மாமியார். கார், சொல்லவே வேண்டாம், எண்பது.

"சார், கரண்ட் நல்லாத்தான் வருது. கார்தான் போதும்ங்குது" என்றான் எலக்ட்ரீஷியன்.

"போதும்னு சொல்ல அது என்ன பந்தியிலயா உட்கார்ந்திருக்கு?"

"எண்பது நல்ல மார்க்குதானே சார். நான் முப்பத்தஞ்சு வாங்கினதுக்கே தோள்ல தட்டினீங்களே."

"உன்னை யாரும் தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டர் ஓடச் சொல்லலையேடா!"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏழு கிலோமீட்டர்தானே, நான் நடந்துடறேன்" என்றாள். கேலி என்று நினைத்தேன். கைத்தடியை எடுத்துக்கொண்டு கூடத்தில் நடந்து காட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆறாவது சுற்றில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு இது போதும், நாளைக்கு இன்னும் கொஞ்சம்" என்றாள்.

மாப்பிள்ளை, அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. பேட்டரியில் கோளாறு என்பது என் தீர்மானமான முடிவு. தயவுசெய்து ஆள் அனுப்பிக் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரவில்லை என்பதை மகளிடம் பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் மாமியாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பேத்திக்கு எங்கள் இருவருடைய முத்தங்கள். அவள் கைக்கு எட்டாத உயரத்தில் உங்கள் மூக்குக் கண்ணாடி பத்திரமாக இருக்கட்டும். வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். என்னைக் கையோடு காருக்குக் கூட்டிப்போய், திரையில் இருக்கும் பேட்டரிப் படத்தைக் காட்டி, எண்பதில் ஒரு கோடு நிற்கிறதே, அது என்ன என்று கேட்டாள். அளவுக்கோடு என்றேன். "கார் வந்த அன்னிக்கு மாடிவீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு வெச்சுப் பாடம் நடத்தினீங்க. 'உதாரணத்துக்கு எண்பது'ன்னு விரலை அந்தக் கோட்டு மேல வெச்சு இழுத்துக் காட்டினீங்க. இதுக்கு மேல ஏத்தாதேன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு அது எண்பதோட நின்னுக்குச்சு. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு பிள்ளையாவது நீங்க சொன்னதை இவ்வளவு கவனமா கேட்டிருக்கா?" என்றபடி, கோட்டைத் தன் விரலால் நூறு வரை தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எண்பத்தொன்று! நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்தார். நடந்ததை அவருக்கு விளக்கலாம் என்று திரைப் பக்கம் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை நானே உங்கள் கையில் கொடுப்பேன். நாங்கள் திரும்பிப் போவதற்குக் காரைச் சார்ஜ் போட வேண்டுமே, உங்கள் வீட்டில் வயர் எட்டுகிற மாதிரி ஒரு ப்ளக் மட்டும் பார்த்துக் கொடுங்கள். ரொம்ப ரொம்ப மெதுவாக ஏறுகிற ப்ளக்காக இருந்தால் நல்லது என்று உங்கள் மாமியார் எழுதச் சொல்கிறாள்.