பெண் பார்க்கப் போய் பேட்டரி பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்ததைச் சாப்பிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் இருபத்தாறு வயதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று மொரீஷியஸ் தீவே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்த காலம். நான் போர்ட் லூயியில் அரசாங்க குமாஸ்தா. மெல்லிய மீசை, அதைவிட மெல்லிய அறிவு. தைப்பூசக் காவடியன்று குட்லண்ட்ஸ் கோவிலில் பாடிக்கொண்டிருந்த தேவியைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று அக்காவின் உயிரை வாங்கினேன். அக்கா யார் யாரையோ பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப்போனாள். "தயவுசெஞ்சு வாயைத் தொறக்காத" என்று பஸ்ஸிலேயே எச்சரித்தாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

(அன்று பேச்சு முக்கால்வாசி தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடந்தது. எங்கள் தமிழ் சாமிக்கும் மாலை வகுப்பு வாத்தியாருக்கும் மட்டுமே கேட்கும். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

நாங்கள் போனபோது தேவியின் அப்பா முற்றத்தில் நின்று தன் இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை ஆலையில் கணக்கர். எங்களுக்கு 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லக்கூட அவரிடம் மூச்சு இல்லை.

"ராத்திரி நல்லாத்தான் நிறுத்தறேன். விடிஞ்சா பேட்டரி செத்துக் கெடக்கு. புதுசு மாத்தினேன். அதுவும் செத்துப்போச்சு!"

"கண்ணு பட்டிருக்கு" என்றார் வாசற்படியில் நின்ற தேவியின் அம்மா. "இந்தத் தெருவுல வேற யாருகிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கு? நானும் வெள்ளிக்கெழமை தவறாம பொட்டு வெச்சுப் பாக்கறேன். போன வாரம் ரெண்டு மடங்கு வெச்சேன்."

அங்கே நான் வாயைத் திறந்தேன். "நான் பாக்கட்டுமா, தோந்தோன்?" (தோந்தோன் என்று எந்தப் பெரியவரையும் கூப்பிடலாம்; மாமா என்று கூப்பிட இன்னும் உரிமை வரவில்லை.)

அக்கா என் முதுகில் கிள்ளினாள். நண்பன் வண்டி பழுது பார்த்தபோது பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக்கொடுத்தவன் நான். அந்தத் தகுதி போதாதா? வெள்ளைச் சட்டையின் கையை மடித்தேன். ஜன்னல் திரை லேசாக அசைந்தது. தேவிதான்! அதற்கப்புறம் என்னைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது.

ஆலை நண்பர் யாரிடமோ சார்ஜ் போட்டு வாங்கிவந்த பேட்டரி உள்ளே இருந்தது. அதன் ஒரு ஒயரைக் கழற்றி, இடையில் ஒரு சின்ன பல்பை வைத்தேன். எல்லா சுவிட்சும் அணைத்திருந்தது. ஆனாலும் பல்பு பளிச்சென்று எரிந்தது. "வண்டி தூங்கறப்பவும் எதுவோ கரண்டைக் குடிக்குது" என்று பெரிய டாக்டர் தோரணையில் அறிவித்தேன். அவர் "போந்தியே!" என்று கடவுளைக் கூப்பிட்டார். விளக்கு ஒயரைப் பிடுங்கினேன், பல்பு அணையவில்லை. ஹாரன் ஒயர், அப்போதும் இல்லை. டைனமோவுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கியதும் பல்பு அணைந்தது. முற்றத்தில் ஒரே ஆரவாரம்.

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. எஞ்சின் ஓடும்போது உள்ளே ஒரு தகடு ஒட்டிக்கொண்டு பேட்டரிக்குக் கரண்ட் விடும். எஞ்சின் நின்றால் விலகிக்கொள்ளும். விலகாவிட்டால் பேட்டரி கரண்ட் முழுவதும் டைனமோவுக்கே திரும்பிப்போய்விடும். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டிக்கு மூடி இல்லை. உள்ளே தகட்டின் தலைமேல் வாரா வாரம் வைத்துக் காய்ந்த சந்தனம் ஒரு குன்றாக ஏறி, தகட்டை எழவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. உச்சியில் குங்குமம் வேறு.

கண் பட்டதாக நினைத்துப் பொட்டு வைக்க, பொட்டினால் பேட்டரி சாக, பேட்டரி செத்ததே என்று இன்னும் பெரிய பொட்டு!

மரியாதை தெரிந்தவன் அதைச் சத்தமில்லாமல் சுரண்டிப் போட்டுவிட்டு, "அழுக்கு" என்று சொல்லியிருப்பான். நான் நீதிமன்றத்தில் நிற்பதுபோல விரலை நீட்டினேன். "பேட்டரியக் கொன்னது இந்தப் பொட்டுதான்!"

தேவியின் அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "கரண்ட் எல்லாம் அங்கதான் இருக்குன்னு இவருதான் சொன்னாரு" என்றார் மெதுவாக. "அதான் அங்கயும் வெச்சேன். நல்லா இருக்கட்டும்னு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணம் அங்கேயே முடிந்துபோயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் நிஜமாகவே அழுகை வந்தது.

வண்டியை ஓட வைத்தாலாவது மன்னிப்பு கிடைக்குமோ என்று அவசர அவசரமாகச் சந்தனத்தைச் சுரண்டினேன். ஒயர்களை மாட்டினேன். பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிப் பளபளவென்று தேய்த்துத் திரும்பக் கட்டினேன். மைனஸை வண்டியின் சட்டத்தில்தானே கட்ட வேண்டும்? அப்படியே கட்டினேன். அந்தக் கால இங்கிலாந்து வண்டியில் பிளஸைத்தான் சட்டத்தில் கட்டுவார்களாம். ஸ்பானர் எடுத்துக்கொடுப்பவனுக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

ஒரே உதையில் எஞ்சின் கிளம்பியது. நான் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்தேன். சீட்டுக்கடியிலிருந்து புகை வந்தது. அப்புறம் ஒயர் தீயும் நாற்றம். அப்புறம் தீயே வந்தது. நான் பின்னால் தாவியதில் துளசிச் செடிமேல் உட்கார்ந்தேன். தேவிதான் சமையலறையிலிருந்து ஈரச்சாக்கோடு ஓடிவந்து வண்டிமேல் போட்டு அமுக்கினாள். அவள் அப்பா எஞ்சினை அணைத்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரியோடு நான் தரையிலேயே கிடந்தேன்.

தேவியின் அம்மா படியிறங்கி வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கருகிய ஒயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என் பொட்டு கரண்டத்தானே குடிச்சுது" என்றார். "நீ வண்டியையே தின்னுட்டியே, மோ கர்சோன்!"

'மகனே' என்று கிரியோலில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அப்புறம் தேவி, அப்புறம் எல்லோரும். அக்கா சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எரித்தவனே சரிசெய்யட்டும் என்று அந்த அம்மா தீர்ப்புச் சொன்னார். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப்போய், ஒரு நிஜ மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக்கொடுத்தேன். வண்டி ஓடத் தொடங்கியபோது எனக்கு அந்த வீட்டில் தனித் தட்டே இருந்தது.

கல்யாணத்தன்று வாசலில் என்னை வரவேற்க, என் அத்தையாகிவிட்ட தேவியின் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். விரலில் சந்தனத்தைத் தொட்டு என் நெற்றிவரை கொண்டுவந்தவர், அப்படியே நிறுத்தினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, இங்க வைக்கலாமா? கரண்ட் போயிடாதே?"

நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் என் நெற்றிக்குச் சந்தனம் கொண்டுவரும் யாரும், போன மாதம் வந்த புது மருமகள் உட்பட, இந்த அனுமதி வாங்காமல் வைப்பதில்லை.