வெள்ளை அடைப்புக்கு ஓர் உண்ணாவிரதம்

ஓருரோ நகரச் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் சங்கத் தலைவர் காசிமிரோ காலவரையற்ற உண்ணாவிரதம் அறிவித்தார். அரசு மருத்துவமனையில் காசுள்ளவனின் சொத்தைப் பல்லைப் பல் நிறத்தில் அடைக்கிறார்கள். சுரங்கத்துக்காரனுக்குக் கறுப்பு உலோகம். வாய்க்குள்ளும் வர்க்க பேதமா என்று முழங்கினார். ராணுவம் வந்து நின்றபோதே கலையாத மனிதர். கூடம் அதிர்ந்தது.

உண்மை வேறு. அவருடைய கடைவாய்ப் பல் சொத்தையாகி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. ரொட்டியைக்கூட மெல்ல முடியவில்லை. பாறைக்கு வெடி வைத்த கைதான். ஆனால் பல் டாக்டரின் துளைக்கும் கருவி என்றால் உதறும். மனைவி பிரிமிதிவாவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். உண்ணாவிரதக்காரனை ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. வலி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். அதனால்தான் எந்த அரசாங்கமும் ஏற்காத கோரிக்கையாகப் பார்த்து எடுத்திருந்தார்.

மறுநாள் பிரிமிதிவா கம்பளி கொண்டுவந்தாள். பசி தெரியாமலிருக்கச் சுரங்கத்துக்காரர்கள் வாயில் அடக்கும் கொக்கா இலையால் உப்பியிருந்த அவர் கன்னத்தையே பார்த்தாள்.

“கொக்கா இலைய வலது கன்னத்துல அடக்கியிருக்கீங்க.”

“அதுக்கென்ன?”

“கல்யாணமான நாள்லேருந்து இடது பக்கந்தான். கட்சி மாறிட்டீங்களோன்னு பயந்துட்டேன், தோழரே.”

“கொள்கை கன்னத்துல இல்ல, வயித்துல இருக்கு.”

“வயிறு காலியால்ல இருக்கு.”

அவள் போய்விட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தார்.

அன்று மதியமே சுரங்கத்துப் பெண்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு மருத்துவமனை வாசலை மறித்தார்கள். முன்னால் பிரிமிதிவா. சாயங்காலம் வெற்றியோடு கூடத்துக்குத் திரும்பி, இனி எல்லோருக்கும் வெள்ளை அடைப்புதான் என்று சொல்லிக் காசிமிரோ தலையில் வண்ணக் காகிதத் துகள்களைத் தூவினார்கள். அவரோ ஆயுள் முழுக்கப் போராடியிருக்கிறார். எட்டு மணி நேர வேலைக்கும் கூலி உயர்வுக்கும் மசியாத அரசாங்கம், இதற்குப்போய் ஒரே மதியத்தில் மசிந்துவிட்டது.

“நம்பாதே. அவங்க ஏமாத்துவாங்க. இன்னும் நாலு நாள் உக்காந்து பாக்குறேன்” என்றார்.

“நானும் அதத்தான் சொன்னேன். மொதல் அடைப்பு எங்க தலைவர் வாயில, எங்க கண்ணு முன்னாடி நடக்கணும்னு. டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்க” என்றாள் பிரிமிதிவா.

தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நடுங்குவது பசியால் என்று நினைத்துத் தோழர்கள் கண் கலங்கினார்கள்.

நாற்காலியில் கிடத்தியதும் கடைசி ஆயுதமாக ஒரு நீண்ட உரைக்குத் தொண்டையைச் செருமினார். பிரிமிதிவா டாக்டரிடம் திரும்பினாள்.

“இடது பக்கம், கடைசிப் பல்லு.”

பிறகு குனிந்து அவர் காதில் சொன்னாள்: “முழக்கத்த நாங்க பாத்துக்கறோம். நீங்க வாயத் திறந்தா மட்டும் போதும்.”