எது எல்லை?

"எல்லைன்னா எதுன்னு எழுதலையே, நோரீன்?" என்றான் கஸ் ப்ரெண்டல்.

நோரீன் ஸ்டாட்லருக்கு எரிச்சலாக வந்தது. வாஷிங்டனில், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஹாஸ்கின்ஸின் அலுவலகத்தில் மசோதா எழுதுவது அவள் வேலை. எழுதுவது அவள், கையெழுத்து அவருடையது, டி.வி.யில் தோன்றுவதும் அவரே. இந்த மசோதா மொத்தமே ஒரு வரிதான். நாட்டின் எல்லையில் எத்தனை சிப்பாய்கள் நிற்கிறார்களோ, அதற்கு மேல் ஒருவர்கூட வெளிநாட்டில் நிற்கக் கூடாது. இதில் என்ன சந்தேகம்?

"எல்லைன்னா எல்லைதான். மெக்சிகோ பக்கம் இருக்கே, அது."

"அப்படின்னா நூத்தி எண்பது ஓட்டு தேறும். வேண்டியது இருநூத்திப் பதினெட்டு."

சபையில் தலை எண்ணுவதுதான் கஸ்ஸின் பிழைப்பு. அவன் கணக்கு தப்பியதாகச் சரித்திரம் இல்லை.

ஹாஸ்கின்ஸுக்கு இது தேர்தல் வருடத்து மசோதா, அவ்வளவுதான். நோரீனுக்கு அப்படியில்லை. அவள் கணவன் வேட், போலந்தில் பீரங்கிப் படையில் இருந்தான். டிசம்பர் வரை அங்கேதான். குழந்தையோ செப்டம்பரில் பிறக்கப்போகிறது. மசோதா நிறைவேறி வெளிநாட்டுப் படை பாதியாகக் குறைந்தால் வேட் அதற்குள் வீடு வந்துவிடுவான். இந்த எண்ணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டிடம்கூட மூச்சு விடவில்லை. திடீரென்று வந்து நிற்கட்டுமே என்ற ஆசைதான்.

மறுநாள் வடகோடி மெய்ன் மாநிலத்து உறுப்பினர் அம்மாள் வந்தார்.

"ஏம்மா, கனடா பக்கம் இருக்கறது எல்லை இல்லையா? எங்க ஊர்ல கடமான்தான் காவல் நிக்குது!"

நியாயம்தானே? நோரீன் மாற்றி எழுதினாள்: வடக்கும் எல்லை, தெற்கும் எல்லை.

கஸ் சாயங்காலமே வந்துவிட்டான். "வடக்குல இருபது ஏறிடுச்சு. தெற்குல முப்பது போச்சு. இப்ப நூத்தி எழுபது."

"தெற்கே என்ன கோபம்?"

"நீயே கேளு. வாசல்ல நிக்கறாரு."

அரிசோனாக்காரர் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "எங்ககிட்ட இருக்கற சிப்பாய்ங்களைக் கனடாவுக்குத் தள்ளிட்டுப் போகத்தானே இந்தத் திட்டம்? எங்க ஊர்ல சலூன் கடையிலேருந்து பிட்சா கடை வரைக்கும் அந்தப் பசங்களை நம்பித்தான் ஓடுது. தெரியுமா உனக்கு?"

தெரியாது. எல்லைக்குள் இத்தனை சங்கதி இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கே இப்போது ஒரு ஆர்வம் பிறந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு கோடு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்தக் கோட்டுக்குச் சலூன் உண்டு, பிட்சா உண்டு, கடமான் உண்டு. இன்னும் என்னென்ன உண்டோ!

அரிசோனாக்காரருக்காக இன்னொரு வரி சேர்த்தாள்: ஓர் எல்லையில் ஒருமுறை நிறுத்திய ஆட்களின் எண்ணிக்கையை, எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது.

"எந்தக் காரணத்துக்காகவும்" என்பதை அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார். தெற்கு முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் நடுநாட்டு மாநிலங்கள் மொத்தமாகக் கழன்றுகொண்டன.

"நூத்தி நாப்பது," என்றான் கஸ்.

"குறைஞ்சுட்டே போகுதே!"

"நீ திருத்தத் திருத்தக் குறையுது. நான் என்ன பண்ண?"

ஹாஸ்கின்ஸ் எட்டிப் பார்த்தார். "நோரீன், நாளைக்கு மத்தியானம் ஓட்டெடுப்பு. நான் ஏற்கெனவே டி.வி.யில ஜெயிச்சுட்டோம்னு சொல்லிட்டேன்."

"சார், இன்னும் எல்லை எதுன்னே முடிவாகல."

"அதெல்லாம் சின்ன விஷயம்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில், பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருக்கும்போது, நெப்ராஸ்காக்காரரைப் பிடித்தாள். அவர் மனம் உடைந்திருந்தார்.

"எங்க மாநிலத்துக்கு நாலு பக்கமும் நம்ம நாடுதாம்மா. எல்லை இருக்கறவனுக்குச் சிப்பாய், சம்பளம், வியாபாரம் எல்லாம். நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

"வெளிநாட்டுலேருந்து நேரா உங்க ஊருக்கு யாராவது வர்றாங்களா, சார்?"

அவர் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "ஏர்போர்ட்ல ஒரு சுங்க அதிகாரி உட்கார்ந்திருக்காரு. வாரத்துக்கு ரெண்டு விமானம் வரும். மத்த நேரத்துல குறுக்கெழுத்துப் போடுவாரு."

"முத்திரை குத்துவாரா?"

"அதுக்குத்தானே சம்பளம்!"

ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது. நோரீன் அவசரமாகக் கைத்துடைப்புக் காகிதத்தில் எழுதினாள்: அமெரிக்கச் சுங்க அதிகாரி ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து முத்திரை குத்தும் இடம் எதுவோ, அதெல்லாம் எல்லை.

நெப்ராஸ்காக்காரர் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று அவளைக் கட்டிக்கொண்டார். அவர் பின்னாலேயே நடுநாடு முழுவதும் வந்தது. கஸ் எண்ணி எண்ணிக் களைத்தே போனான். முன்னூற்றுப் பன்னிரண்டு!

மேலவையிலும் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு எல்லை கிடைத்துவிட்டதே, யார் எதிர்ப்பார்கள்? ஜூலையில் ஜனாதிபதியின் கையெழுத்தும் விழுந்தது. ஹாஸ்கின்ஸ் டி.வி.யில் நான்கு தடவை தோன்றினார்.

நோரீன் தொட்டிலை வாங்கி வைத்தாள். வேட்டின் சட்டைகளைத் துவைத்து மடித்து அடுக்கினாள். எத்தனை நாள் ரகசியம் காப்பது? இன்று சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்த அன்றே வேட் கூப்பிட்டான்.

"வேட், உனக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம்!"

"இரு இரு, நான் முதல்ல சொல்லிடறேன். இல்லேன்னா சொல்ல மனசு வராது. செப்டம்பர்ல எனக்கு ஒரு மாசம் லீவு கிடைச்சிருந்தது. பிரசவத்துக்கு முன்னாடி திடீர்னு வந்து நிக்கலாம்னுதான் உன்கிட்ட சொல்லல."

"கிடைச்சிருந்ததுன்னா?"

"நேத்து, படையைக் குறைக்காம தப்பிக்க ராணுவத் தலைமை அனுப்பின நம்ம ஊர் சுங்க அதிகாரி ஒருத்தரு எங்க முகாம் வாசல்ல மேசை போட்டு, முத்திரையோட வந்து உட்கார்ந்துட்டாரு, நோரீன், இனிமே இதுவும் அமெரிக்க எல்லையாம், எல்லையில ஒரு நாள்கூட ஆள் குறையக் கூடாதுன்னு எவனோ சட்டம் எழுதி வெச்சிருக்கானாம், எங்க எல்லார் லீவும் ரத்து!"