ஊதிக் கங்காணி வாங்கிய குழாய்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் துளை உள்ள எந்தப் பொருளும் அவர் வாய்க்குத் தப்பியதில்லை. குழாய், புனல், விளக்குச் சிமினி, சைக்கிள் பம்பு, எதைக் கண்டாலும் சரி, ஒரு முனையை வாயில் வைத்துக் கன்னம் இரண்டும் உப்ப ஓர் ஊது ஊதுவார். காற்று மறுமுனையில் வந்தால் "சுத்தம்" என்பார். வராவிட்டால் "உள்ள என்னமோ கெடக்கு" என்று சொல்லிவிட்டு, அதை எடுக்கும்வரை சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பார். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்களெல்லாம் அவர் பொறுப்பு. செக்ரோல் பேரேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஊதிக் கங்காணி.

நான் அங்கே மருத்துவிச்சி. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்களுக்கு மிஸ்ஸியம்மா. கோபக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன், பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி இந்த மனிதர் சம்பாதித்துக் கொடுத்தது. ஒருநாள் டிஸ்பென்சரியில் தண்ணீர்ப் பைப்பைத் திருத்த வந்தவர், நான் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். தொங்கிய முனையை எடுத்தார். ஊதினார். என் தலைக்குள் தேயிலை லொறி ஏறி இறங்கியது.

"சுத்தம் மிஸ்ஸியம்மா" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

மாரியம்மன் திருவிழாவில் இதைவிட மோசம். பதுளையிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் தேத்தண்ணி குடிக்க வாத்தியத்தைக் கீழே வைத்தார். அந்த ஒரு நிமிஷம் போதாதா? கங்காணி ஊதிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உள்ள அடப்பு இருக்கு, நான் வேணும்னா கம்பி விட்டு எடுத்துத் தாறேன்" என்றார், ஊர் ஜனம் முழுக்கக் கேட்க. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பெரிய கங்காணி பாதி வழி ஓடிப்போய்க் கெஞ்சித்தான் அவரைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எனக்கு உயிரான காரியம் ஒன்று போய் மாட்டியது.

மேல் டிவிஷனில் பாக்கியம் என்று ஒரு பெண், கொழுந்து எடுப்பவள். முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது அவளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் வந்தார்கள். நல்ல மழை. பாதி வழியில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி வருமுன்னே போய்விட்டது. இப்போது மறுபடி ஏழு மாதம். என்னைக் கண்டால் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மிஸ்ஸியம்மா, இந்தத் தடவையும் அந்த எறக்கத்துலதானா?"

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த புதிது. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் தொரை தன் கேரவனைக் கொட்டகையிலேயே விட்டுப் போயிருந்தார். ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு உல்லாசம் போகிற வீட்டு வண்டி அது. உள்ளே கட்டில், கை கழுவத் தொட்டி, மூலையில் குட்டியாக ஒரு கக்கூசு. இதை மேல் டிவிஷனுக்குப் பிரசவ அறையாகக் கொடுங்கள் என்று புதுத் தொரையை ஒரு மாதம் நச்சரித்தேன். என் தொல்லை தாங்காமல் டிராக்டரில் கட்டி இழுத்து லயத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. 'குட்டி பங்களா' என்று பெயர் வைத்தார்கள். சக்கரச் சில்லுகளுக்குக் கல் அணைத்து, வாசலில் மண்படி கட்டி, மழைத்தண்ணீர் ஓடச் சுற்றிக் கான் வெட்டி, தோரணமும் கட்டினார்கள். நான் என் பங்குக்கு இரண்டு பக்கமும் செவ்வந்தி நட்டேன்.

எல்லாம் சரி. கக்கூசுத் தொட்டியைக் காலி செய்கிற குழாயை மட்டும் கொட்டகையில் எலி தின்று தீர்த்திருந்தது. வண்டிக்கு நேர் கீழே சரிவில், லயம் முழுவதும் குடிக்கிற பீலித் தண்ணீர் ஊற்றிலிருந்து ஓடுகிறது. சுகாதாரப் பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். மகா கறார்.

"உந்தத் தொட்டித் தண்ணி பீலிப் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது, மிஸ்ஸி. தள்ளிக் கிடங்கு வெட்டி, குழாயால அதுக்குள்ள விடோணும். வியாழக்கிழமை வந்து பார்ப்பன். சரிவரேல்லையெண்டால் வண்டி வேற தோட்டத்துக்குப் போகும்."

பாறை இல்லாத இடமாகப் பார்த்துக் கிடங்குக் குழி வெட்டினோம். வண்டியிலிருந்து முப்பது அடி. குழாய் வாங்க நானும் ஊதிக் கங்காணியும் பதுளைக்கு பஸ் ஏறினோம்.

இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். ஒரு நல்ல ஆணிக்கே கடை கடையாக அலைய வேண்டும். பஜாரில் முஸ்லிம் நாநா ஒருவருடைய இரும்புக் கடையில் மூன்று குழாய்கள் இருந்தன. கங்காணி மூன்றையும் தடவினார், முகர்ந்தார், ஊதினார். பிறகு நிமிர்ந்து, "நாநா, ஒரு சீப்பு வாழப்பழம் வேணும். நல்லாக் கனிஞ்சது" என்றார்.

"கங்காணி, இது இரும்புக் கடை."

"தெரியுதுங்க. பக்கத்துக் கடையில வாங்கியாறச் சொல்லுங்க. வேற எத வச்சுப் பாக்குறது? இந்தக் கொழாயில ஓடப்போறது பன்னீரா?"

நாநா பாவம், நல்ல மனிதர். பழமும் வந்தது, வாளித் தண்ணீரும் வந்தது. பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற பச்சைக் குழாயின் வாயில் பழத்தின் நுனிகூட நுழையவில்லை. அடுத்தது கான்வாசுக் குழாய். நாற்பது அடி! பார்த்ததுமே என் மனம் குளிர்ந்துவிட்டது. ஒரு முனையைக் கல்லாப்பெட்டிமேல் கங்காணி பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு நான் வெள்ளைச் சேலையில் ரோட்டோரம் நின்றேன். பழத்தைத் தள்ளி, தண்ணீரை ஊற்றினார். ஒன்றும் வரவில்லை. நடுவில் வயிறு தொங்கி அங்கேயே தங்கிவிட்டது. வாயைக் கிட்டப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அப்போது வந்தது.

பதுளை பஜாரே நின்று பார்த்தது. பண்டாரவளை பஸ்காரர் ஹோர்ன் அடிக்கவும் மறந்துவிட்டார்.

மூன்றாவது, ஆற்றுத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் மாட்டும் கறுப்பு ரப்பர்க் குழாய். உள்ளே கம்பிச்சுருள். மூன்று அங்குல வாய். அதில் பழம் கல்யாண மாப்பிள்ளைபோல் நிதானமாக வந்து இறங்கியது. "சுத்தம்!" என்றார் கங்காணி. ஊதிய ஊதில் வாயைச் சுற்றிக் கறுப்பு வட்டம்.

நாநா அளந்தார். பதினெட்டு அடி.

"கங்காணி, கெடங்கு முப்பது அடி! மிச்சம் பன்னெண்டு அடிக்கு நீங்களா படுப்பீங்க?"

"கான்வாசு தொங்கும் மிஸ்ஸியம்மா. தொங்குற எடத்துல தங்கும். தங்குனா நாறும். புள்ள பொறக்குற எடமுங்க அது."

"நீளத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"அத நான் பாத்துக்கிறேன்."

"ரெண்டு பேரும் சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றார் நாநா. "எனக்கு வாசலக் கழுவணும்."

கறுப்புக் குழாயைத்தான் வாங்கினார். மடுல்சீமை வரைக்கும் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். மிச்சப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்பு வாயோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை பரிசோதகர் வந்தார். குழாயை மாட்டினோம். எனக்குத் தெரிந்ததுதான், கிடங்குக்குப் பன்னிரண்டு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. பரிசோதகர் புத்தகத்தைத் திறந்து பேனாவைக் கழற்றினார். லயத்து வாசலில் பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதரை என்ன செய்தால் தகும் என்று தேடினால், அவர் வண்டிக்கடியில் குனிந்து சில்லுக்கு அணைத்த கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"கங்காணி! என்ன பண்றீங்க?"

"மிஸ்ஸியம்மா, இதுக்குச் சில்லு இருக்கு."

எல்லோரும் வண்டியைப் பார்த்தோம். ஆமாம், சில்லு இருந்தது.

தலைமுறை தலைமுறையாக லயத்தில் பிறந்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். வீடு என்றால் எவனோ கட்டிவைத்த இடத்தில்தான் கிடக்கும், நாம்தான் அதற்கேற்ப ஒடுங்கிக்கொள்ள வேண்டும். நமக்காக வீட்டைத் தள்ளி வைக்கலாம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. டிராக்டர் இழுத்து வந்ததைக் கண்ணால் பார்த்த என் மண்டையிலும்தான்!

அப்புறம் என்ன? ஆணும் பெண்ணுமாக இருபது பேர் "ஐலசா" போட்டுத் தள்ளினார்கள். மண்படி உடைந்தது, கான் தூர்ந்தது, தோரணம் அறுந்தது, என் செவ்வந்தி சில்லுக்கடியில் கூழானது. குட்டி பங்களா பதினைந்து அடி நகர்ந்து நின்றது. குழாய் கிடங்கின் விளிம்பைத் தாண்டி உள்ளேயே தொங்கியது. கங்காணி வண்டிக்குள் ஏறித் தொட்டியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் திறந்துவிட்டார். பரிசோதகர் கிடங்கோரம் குந்தியிருந்து குழாய் வாயையே உற்றுப் பார்த்தார். திடீரென்று துள்ளி எழும்பினார்.

"உதென்ன, மஞ்சளாய்?"

"வாழப்பழமுங்க ஐயா. பயப்படாதீங்க."

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பாக்கியத்துக்கு வலி எடுத்தது. விடிந்ததும் உள்ளே படுக்க வைத்தேன். முற்பகலில் பெண் பிள்ளை பிறந்து, மேல் டிவிஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. தாயும் சுகம். கதவைத் திறந்தால், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூறலில் ஊதிக் கங்காணி நிற்கிறார். காலையிலிருந்து நிற்கிறாராம். பேர் கொடுக்கப் பெரட்டுக்கும் போகவில்லை.

"பொம்பளப் புள்ள கங்காணி. ரெண்டு பேரும் சொகம்."

சாக்கை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சில்லுப் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பாக்கியத்துக்கென்று போட்ட தேத்தண்ணியில் ஒரு கோப்பை கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். குடித்து முடிக்கும்வரை நானும் தூறலில் நனைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.