பாப்பாவைத் தூங்க வைக்கும் ஆயில்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள், இருக்கத்தான் வேண்டும். குடும்பத்தில் யாராவது ஒருவராவது நலமாக இருந்தால்தானே மற்றவர்கள் அவரிடம் புலம்ப முடியும்? இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எழுதினால் பொய்யாகிவிடும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டு எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்களுக்குக் கொடுத்தாயே ஒரு மோட்டார் சைக்கிள், அதில் இத்தனை வருஷமாக என்ன எஞ்சின் ஆயில் ஊற்றி ஓட்டினாய்? மறைக்காமல் சொல். உன் மருமகளின் தூக்கம் அதில்தான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்லாவிட்டால் உனக்குப் புரியாது. பாப்பா பிறந்த பிறகு உன் வண்டியை வெளியே எடுப்பதே குறைந்துவிட்டது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று இவர் தினமும் சாயங்காலம் கீழே ஷெட்டில் அதை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவார். புகை தெருப் பக்கம் போகிற மாதிரி திருப்பித்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், அண்ணி பயப்பட வேண்டாம். ஒரு நாள் பாப்பா நீலம் பாரிக்கும் அளவுக்கு அழுதுகொண்டிருந்தாள். கீழே வண்டி 'டுக்கு டுக்கு லொட, டுக்கு டுக்கு லொட' என்று ஆரம்பித்தது. அழுகை நின்றது. கண் சொக்கியது. ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுத் தாலாட்டு. நான் பாடினால் அழுகிற பிள்ளை உன் வண்டி பாடினால் தூங்குகிறது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, தூங்கினால் போதும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் உன் மாப்பிள்ளைக்கு வண்டியின் மேல் திடீரென்று பாசம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். பார்த்தவர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா உங்க அண்ணன் லட்சணத்த? இது ஆயிலா, தாரா? இத வெச்சுக்கிட்டு வண்டி ஓடுதுன்னா அது வண்டியோட பெருந்தன்மை." நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க அண்ணன் ஓட்டினப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அவர் கேட்கவில்லை. கடையிலேயே உசத்தியான ஆயிலாகப் பார்த்து, முழு சிந்தெடிக்காம், வாங்கி வந்தார். பழசை இறக்கினார், புதுசை ஊற்றினார், கையில் ஸ்பேனர் இருக்கிற தைரியத்தில் அங்கே இங்கே தட்டினார், முறுக்கினார், துடைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்தார். அண்ணா, சத்தமே இல்லை. வண்டி ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. "எப்படி?" என்று இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான் மேலே வந்தபோது பாப்பா கண்ணைத் திறந்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் போட்ட கூச்சலுக்கு எந்த சிந்தெடிக்கும் ஈடாகாது.

அன்று போன தூக்கம்தான். நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்றால், நேற்று பால் புட்டி கழுவுகிற பிரஷ்ஷால் தலை வாரப் போனேன். முந்தாநாள் குக்கர் விசில் அடித்ததற்கு "இதோ வர்றேன், யாரு?" என்று கதவைத் திறந்தேன். வருகிற திங்கட்கிழமை ஆபீஸ் திரும்ப வேண்டும், லீவை இனி நீட்ட முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கார அம்மா ஒத்துக்கொண்டதே, 'வண்டிய ஓடவிட்டா தூங்கிடுவா' என்று நான் சொன்ன ஒரே வார்த்தையை நம்பித்தான். இப்போது வண்டி ஓடுகிறது, பாப்பா தூங்கவில்லை, திங்கட்கிழமை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள் என்பது உனக்கு நினைவிருக்கும், எனக்கே அவ்வப்போதுதான் நினைவு வருகிறது. உட்கார்ந்து யோசித்தேன். எண்ணெய் மெலிந்தால் ஒரு சத்தம், தடித்தால் ஒரு சத்தம். சரியான தடிமனைப் பிடித்துவிட்டால் பழைய 'லொட' திரும்பி வந்துவிடும். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடைக்காரர், "என்ன ஆயில் வேணும்மா?" என்றார். "கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி கொடுங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரும் சத்தம் குறையணும்னு வருவாங்க. சரி, வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்?" "ஓடாதுங்க. நின்னுக்கிட்டே இருக்கும்." "நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா ஆயில்?" "நின்னுக்கிட்டேதாங்க ஓடும்." எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "அண்ணே, என்னோடத முதல்ல கொடுத்துட்டு அப்புறம் இவங்ககிட்ட பேசுங்க" என்றார். கடைக்காரர் மேலே கீழே பார்த்து, விற்காமல் கிடந்த ஒரு டப்பாவை எடுத்துத் தூசி தட்டினார். "இது கார் ஆயிலு. நல்ல ஆயிலு. நிக்கிற வண்டிதானே, எத ஊத்தினா என்ன?" பாப்பா அந்த டப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணா, நான் ஆயில் தேர்ந்தெடுத்தது அப்படித்தான். பிள்ளை சிரித்தது என்று.

சாயங்காலம் ஊற்றினோம். சத்தம் வரவில்லை. மறுநாள் பார்த்து இவர் ஆபீசுக்கு அதே வண்டியில் கிளம்பினார். அப்போதுதான் தெரிந்தது, கார் ஆயில் ஊற்றினால் பைக்கின் கிளட்ச் வழுக்குமாம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறுகிறதாம், வண்டி நகரவில்லையாம். நடந்துபோன ஒருவர் இவரை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டாராம். வீட்டுக்கு வந்து, "சத்தம் மட்டும் போடுது, வேலை நடக்க மாட்டேங்குது. எங்க மேனேஜர் மாதிரியே ஆக்கிட்ட வண்டிய" என்றார். "உங்கள யாரு நல்லா இருந்த ஆயில மாத்தச் சொன்னது?" என்றேன். "அது நல்லா இருந்துச்சா?" "பாப்பா தூங்கினாள்ல?" இரண்டு பேருக்குமே சண்டையை முடிக்கிற அளவுக்குத் தெம்பு இல்லை, பாதியில் விட்டுவிட்டோம்.

மூன்றாவதாக, இருப்பதிலேயே கெட்டியான ஆயில் வாங்கினேன். பழைய வண்டிகளுக்கு அதுதான் சரி என்று கடைக்காரர் இம்முறை சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் அளவு தெரியாமல் நான்தான் நிறைய ஊற்றிவிட்டேன். வெள்ளைப் புகை ஷெட்டை நிறைத்து, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக்காரர்கள் காயப்போட்டிருந்த துணிக்குள் போய் உட்கார்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கடைசியில், இவர் இறக்கிவைத்த உன் பழைய ஆயிலையே திரும்ப ஊற்றிவிடலாம் என்று தோன்றியது. அதை அன்றே வீட்டுக்கார அம்மா வாங்கி வைத்திருந்தார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போய்க் கேட்டேன். "அத வாசல் கேட்டு கீலுக்கு ஊத்திட்டேனேம்மா. கிறீச் கிறீச்னு ஒரே சத்தம். இப்ப எதுக்கு அது உனக்கு?" என்றார். "பாப்பாவுக்கு" என்றேன். அந்த அம்மா இரண்டு கையையும் நீட்டினார். "பிள்ளைய என்கிட்ட கொடு. கொடும்மா. நீ போய் முகத்தைக் கழுவிட்டு வா." அதிலிருந்து எங்கள் கேட்டும் சத்தமில்லாமல் திறக்கிறது. இந்த வீட்டில் இப்போது சத்தம் போடுவது உன் மருமகள் ஒருத்திதான்.

அதனால்தான் கேட்கிறேன். நீ ஊற்றியது எந்த ஆயில்? எந்தக் கடை? ஒருவேளை நீ மாற்றவே இல்லையென்றால் அதையும் சொல், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இப்போது நீ ஓட்டுகிற வண்டியில் அதே மாதிரி கறுத்த ஆயில் இருந்தால், ஒரு டப்பாவில் இறக்கி, மூடியை இறுக்கி, சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பு. ஊரில் மற்ற பிள்ளைகளின் தாய்மாமன்கள் என்னென்னவோ வாங்கித் தருகிறார்கள். நான் உன்னிடம் கேட்பது அழுக்கெண்ணெய். அதைக்கூடச் செய்யாவிட்டால் நீ என்ன அண்ணன்?

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் பையன் படுத்தவுடன் தூங்கிவிடுவான் என்பதை அண்ணி இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னிடம் சொல்லாமல் இருந்தால் அந்த அன்பு குறையாமல் இருக்கும். அவனுக்கு என் முத்தம். எல்லாரும் நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், எங்கள் பங்கையும் சேர்த்து.

இப்படிக்கு,
தூக்கம் என்றால் எப்படி இருக்கும் என்று மறந்துபோன
உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுத்தேன். 'டுக்கு டுக்கு லொட' வரை வந்தவர் நிறுத்திவிட்டு, "இந்த 'லொட'வையா தேடிக்கிட்டிருக்க? அது ஆயில் இல்ல, செயின் கவர். போல்ட்டு லூசாத் தொங்கிக்கிட்டிருந்துச்சு. ஆயில் மாத்தின அன்னிக்கே நான் டைட் பண்ணிட்டேனே" என்றார். பெருமையாகச் சொன்னார், அண்ணா. ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கீழே போனார். 'லொட' வந்தது. பாப்பா கண்ணை மூடினாள். ஆகவே ஆயில் அனுப்ப வேண்டாம். ஆயிலைப் பற்றி மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம், உன்னைத் திட்டியதையும் அடித்துவிட்டுப் படி. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் போடு: அந்த போல்ட்டை நீ எவ்வளவு தளர்த்தி வைத்திருந்தாய்? பாப்பா தூங்குகிறாள், அவள் அப்பாவும் தூங்குகிறார். நான் மட்டும், அது கழன்று விழுந்துவிடுமோ என்று ஜன்னலிலேயே நிற்கிறேன்.