தலையணைக் கடைப் பெண்ணுக்கு வரன் பார்த்த விவரம்

அன்புள்ள அண்ணன் மகனுக்கு, அத்தை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவன் கருணையால் நானும் மாமாவும் நலம். நீயும் அண்ணனும் அண்ணியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. விஷயம் பெரிசு, உட்கார்ந்து படி. விளம்பரம் எழுதுற உத்தியோகத்துல இருக்கியேன்னு என் பொண்ணு உன்கிட்ட கேட்டு, அவ தலையணைக் கடை வாடிக்கைக்காரங்ககிட்ட எந்தக் குரல்ல பேசணும்னு நீ நாலு பக்கம் எழுதி அனுப்பினியே, அதுல வந்த வினை இது. இந்த மாசமும் வியாபாரம் ஆகலேன்னா கடையை மூடிட்டுப் பழைய ஆபீசுக்கே போறேன்னு அவ சொல்லிட்டிருந்தா. அந்த ஆபீசுல அவ அழாத நாள் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் கண்ணு சிவந்துபோச்சு. பத்து நாள் போனைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். "அம்மா, வர்ற மெசேஜுக்கெல்லாம் நீயே பதில் போடு, அந்தப் பேப்பரைப் படிச்சிட்டுப் போடு"ன்னா. படிச்சேன். 'அவளுக்கு வயது இருபத்தாறு. தனியாக இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். தூக்கம் வராதவர்களின் தோழி'ன்னு எழுதியிருந்தே. கடையில வேலை செய்யற பொண்ணு போல, லீவுல இருக்கா போலன்னு நினைச்சேன். நாதியில்லாத பொண்ணுக்கு நாமதானே பாக்கணும்?

ரிட்டயரான டீச்சரம்மா ஒருத்தங்க, தலையணை மெத்துன்னு இருக்குமா கெட்டியா இருக்குமான்னு கேட்டிருந்தாங்க. "நான் முதலாளியோட அம்மா. உங்களுக்குக் கழுத்து வலியா? எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க? மல்லாந்து படுக்கறவங்கன்னா கெட்டி வேண்டாம். அப்படியே, உங்க பக்கம் நல்ல பையன் இருந்தா சொல்லுங்க, எங்க கடையில ஒரு பொண்ணு இருக்கா, இருபத்தாறு வயசு, வாயே திறக்க மாட்டா"ன்னு எழுதினேன். வர்றவங்களுக்கெல்லாம் அதே மாதிரிதான். அவங்களும் மூட்டு வலி, மாமியார் குறட்டை, மகன் பேசறதில்லைங்கற வருத்தம் எல்லாத்தையும் கொட்டினாங்க. தலையணையும் வாங்கினாங்க. எட்டே நாள்ல அலமாரி காலி. வரன் பதினேழு!

கண்ணு சரியாகி எல்லாத்தையும் படிச்சவ கத்தினா. "யாருக்கும்மா மாப்பிள்ளை பாக்குறே?"

"உன் கடைப் பொண்ணுக்குத்தாண்டி."

"ஐயோ, அப்படி ஒருத்தியே இல்லம்மா! கடையே ஒரு ஆளா இருந்தா எப்படிப் பேசும்னு காட்ட, மாமா பையன் கற்பனையா உண்டாக்கின ஆளு!"

ஏண்டா, கல்யாணமாகாத பொண்ணை உண்டாக்கத் தெரிஞ்ச உனக்கு, பக்கத்துலயே ஒரு மாப்பிள்ளையையும் உண்டாக்கத் தெரியலையா? அவ பேருல நான் ஒன்பது நாள் விரதம் இருந்திருக்கேன்!

"ஏமாத்துக்காரங்கன்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்பப் போறாங்க"ன்னு உன் அத்தை மக மூலையில உக்காந்துட்டா. பொய் சொன்ன வாயோட சாமி முன்னாடி நிக்க முடியுமா? பொண்ணு இல்ல, தப்பு என் பேருலதான்னு அத்தனை பேருக்கும் எழுதிட்டுப் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். முதல்ல டீச்சரம்மாதான் எழுதினாங்க: "பொண்ணு இல்லேன்னா போகட்டும். நீங்க நிஜம்தானே? என் மகனுக்கும் ஒரு தலையணை அனுப்புங்க." ஒருத்தர்கூடத் திருப்பி அனுப்பலை. புதுசா துணி வெட்ட ஆரம்பிச்சிருக்கா உன் அத்தை மக. ஆபீஸ் பேச்சே இல்லை.

ஆனாலும் எனக்குப் புத்தி வந்துடுச்சு. போனைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இனிமே யாருக்கும் வரன் பாக்க மாட்டேன், இல்லாததை இருக்கறதா எழுதவும் மாட்டேன்.

உன் பேனாவுக்கும் உன் குலத்துக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அத்தை.

பின்குறிப்பு: டீச்சரம்மாவுக்கு ஒரு பொண்ணும் இருக்கா. நிஜப் பொண்ணுதான், நேர்ல போய்ப் பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை உன்னைப் பாக்க வர்றாங்க. உன்னைப் பத்தி நானே நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கேன். அதுல நீ விடிகாலையில எழுந்திரிக்கிறே, தினம் சாமி கும்பிடுறே, பெரியவங்களை எதிர்த்துப் பேசறதே இல்லை. அன்னிக்கு ஒரு நாளாவது அந்தக் குரல்லயே பேசு.